மூன்றாவது பெடல்

மிச்சிகனில் நவம்பர் வந்தால் பாதி ஊர் மான் வேட்டைக்குப் போய்விடும். திரும்பி வந்து கொம்பைச் சுவரில் மாட்டுவார்கள். எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. என் கராஜ் சுவரில், கொம்பு மாட்டுகிற அதே உயரத்தில், ஒரு கிளட்ச் பெடல் தொங்குகிறது. நான் வீழ்த்தியது இதைத்தான் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியாமே?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். அதுதான் கொஞ்சம் குத்தும்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றும்வரை. 1972ஆம் வருடத்து செவர்லே சி10 பிக்கப். லான்சிங்குக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில், 84 வயதுப் பெரியவர் ஒருவரிடம் வாங்கினேன். அவர் புதிதாக எடுத்த வண்டி அது. பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புக் கொட்டும் ஊர் இது. ஐம்பது வருட வண்டி என்றால் கதவுக்குக் கீழே தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். இவர் நவம்பரில் கொட்டகைக்குள் விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பாராம். அதனால் சேசிஸ் அப்படியே இருந்தது. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் வண்டி எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று உண்டு. அதில் மூன்றாவது எழுத்து எஸ் என்றால் ஆறு சிலிண்டர். ஏழாவது எழுத்து எஃப் என்றால் ஃபிளிண்ட் தொழிற்சாலை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்து, ஆயுசு முழுவதும் அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாத வண்டி.

இன்ஜின் 4.1 லிட்டர், 110 குதிரைத்திறன். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் இன்ஜின் ஒல்லி. பானெட்டைத் திறந்தால் அதற்கும் மட்காடுக்கும் நடுவே ஓர் ஆள் இறங்கி நிற்கலாம். நான் நின்றுகொண்டே பிளக் மாற்றியிருக்கிறேன். கார்புரேட்டர் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று, ஒயர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். கியர் மூன்றுதான். கியர் கம்பி ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கும். பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை.

ஊருக்குள் 40 மைல் வேகத்தில் கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து போகும். நெடுஞ்சாலையில் ஏறினால்தான் வினை. பின் ஆக்சில் 3.73 பல் விகிதம், மூன்றாவது கியர் நேரடி; அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 3.73 சுற்றுச் சுற்ற வேண்டும். ஆக 65 மைலுக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுற்றும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மேட்டில் வேகம் விழும், பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி முட்டுகிற மாதிரி வந்து நிற்கும். போதாக்குறைக்கு இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே இருக்கிறது. 20 காலன் பெட்ரோலை முதுகில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் வாசனை ஞாபகப்படுத்தும். வீட்டுக்கு வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வாள் மனைவி.

இவையெல்லாம் சொல்லிக்கொள்ள வசதியான காரணங்கள். உண்மையைச் சொன்னால், ஆசை. இதை ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். தாராபுரத்தில் அவர் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றியவர். அந்தக் காலத்தில் பல டாக்சிக்காரர்கள் செய்த காரியம். இன்ஜின் மாற்றம் என்பதை முதலில் பார்த்தது அவர் வீட்டு வேப்ப மரத்தடியில்தான். கிளையில் செயின் பிளாக், கீழே நான் டார்ச் பிடித்துக்கொண்டு. நான் விஷயத்தைச் சொன்னதும் போனில் சிரித்தார். "நா மாத்துனது டீசல் விலைக்குடா. நீ எதுக்கு மாத்தற?" பதில் சொல்லத் தெரியவில்லை. "இன்ஜின் ஒக்காந்துரும், அது ஒண்ணுமில்ல. மத்ததெல்லாந்தான் உன்னைய நாய் படாத பாடு படுத்தும்" என்றார். அடுத்த பதினான்கு மாதங்களுக்கு அந்த வாக்கியத்தைத் தினமும் நினைத்துக்கொண்டேன்.

எந்த இன்ஜின் என்பதில் யோசனையே தேவைப்படவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1955இல் கொண்டுவந்த சின்ன வி8 இன்ஜின் (V வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்) பல பத்தாண்டுகள் ஓடியது. அதற்குப் பதிலாக முழுதாகப் புதிதாய் வரைந்த குடும்பத்தின் முதல் பிள்ளை 1997 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த எல்எஸ்1. குடும்பத்தையே எல்எஸ் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து, 1999 மாடல் பிக்கப்புகளுக்கு அதே குடும்பத்திலிருந்து 4.8, 5.3, 6 லிட்டர் இன்ஜின்கள் வந்தன. கார்வெட்டில் அலுமினிய பிளாக், பிக்கப்பில் வார்ப்பிரும்பு. கொஞ்சம் கனம், ஆனால் மலிவு. லட்சக்கணக்கில் விற்ற வண்டிகள் என்பதால் எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் வரிசையாக நிற்கும்.

அமெரிக்காவில் பழைய வண்டியில் இன்ஜின் மாற்றுகிற பலரும் இதையே தேடுவதற்கு மலிவு மட்டும் காரணமில்லை. உள்ளமைப்பில் இது பழைய பாணி. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே போகாமல் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது, தண்டுகள் வழியாக வால்வைத் தள்ளுகிறது. அதனால் சிலிண்டர் ஹெட் சின்னது, இன்ஜின் குறுகல். ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி அருமையான இன்ஜின்தான். ஒவ்வொரு பக்கமும் ஹெட்டுக்கு மேல் இரண்டு கேம் வைத்து அகலம் கூடிப்போனதால் பழைய மஸ்டாங்கில் வைக்கப் பலர் முன்பக்கத் தகட்டையே வெட்டுகிறார்கள். "எல்லாரும் எல்எஸ்தான் வைக்கிறார்கள், சலித்துவிட்டது" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் இட்லிதான் சாப்பிடுகிறார்கள், சலித்துவிட்டது என்பது போலத்தான் இருக்கிறது.

ஆக, மோதி நொறுங்கிய 2002 செவர்லே சில்வராடோ பிக்கப் ஒன்றிலிருந்து 5.3 லிட்டர் இன்ஜின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஒயரிங், கம்ப்யூட்டர், ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் சேர்த்து 1,100 டாலருக்கு எடுத்துவந்தேன். 285 குதிரைத்திறன். பழையதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இதைத் தவிர நான் செலவு செய்தது 6,000 டாலருக்கும் அதிகம். சித்தப்பா கணக்கு டாலரிலும் சரியாகவே வந்தது.

முதல் அடி, இன்ஜினை வண்டியில் வைப்பதற்கு முன்னாலேயே. இந்த இன்ஜின்களில், புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் போல்ட்டுகள் உடைவது ஊரறிந்த வியாதி. சூடாகி ஆறிச் சூடாகி, கடைசிச் சிலிண்டர் பக்கத்து போல்ட்டுகள் தலை தெறித்துப்போகும். எனக்கு இரண்டு. ஒன்று கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது, பிளையரில் வந்துவிட்டது. மற்றொன்று ஹெட்டுக்குள் நகம் கூடப் படாத ஆழத்தில். அலுமினிய ஹெட், எஃகு போல்ட். டிரில் ஒரு நூல் விலகினாலும் ஹெட் போயிற்று. வெல்டிங் தெரிந்த நண்பர் வந்து, உடைந்த தண்டின் மேல் பொட்டுப் பொட்டாக உலோகத்தை வைத்து மேலே கொண்டுவந்தார். அது எட்டிப் பார்த்ததும் ஒரு நட்டை வைத்து நடுவில் பற்றவைத்தார். அந்தச் சூட்டிலேயே போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். அலுமினியத்தில் எஃகு ஒட்டாது என்பதுதான் இதன் சூட்சுமம். ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தபோது ஒரு கிறீச் சத்தம் வந்தது. அந்த வருடத்தில் நான் கேட்ட சங்கீதங்களில் அதுதான் முதலிடம்.

அப்புறம் ஆயில் சம்பு, அதாவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. சில்வராடோவின் சம்பு ஆழம். சி10இல் வைத்தால் முன் குறுக்குச் சட்டத்துக்கும் கீழே தொங்கும், முதல் வேகத்தடையில் கிழியும். ஆழம் குறைந்த சம்பு வாங்க வேண்டும். சம்பு மாறினால் ஆயில் உறிஞ்சும் குழாயும் மாறும். அந்தக் குழாய் பம்பில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். விலை சில டாலர். அது மடிந்தோ நசுங்கியோ உட்கார்ந்தால் பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், பேரிங் தேய்ந்துவிடும். நான் மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்று முறையும் சரியாகத்தான் இருந்தது. பயம்தான் கழற்ற வைத்தது.

இன்ஜின் உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை மதியம். சித்தப்பா சொன்னபடியே, அது ஒன்றுமில்லை. சேசிஸ் பக்கம் வி8க்கான தாங்கிகள், இன்ஜின் பக்கம் அதற்கென்று விற்கும் இணைப்புத் தகடு, நான்கு போல்ட். கிளட்ச் பெடலை வெட்டி எடுத்தேன். கால் பலகைக்கு மேலே அது நுழைந்திருந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் அடைப்பு. ஸ்டீரிங் தண்டை மட்டும், அதே காலத்து ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன். ஆக கியர் கம்பி பழைய இடத்திலேயே நிற்கிறது. கதவைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புரொப்பல்லர் ஷாஃப்டை அளந்து கொடுத்துப் பட்டறையில் புதிதாகச் செய்துகொண்டேன்.

எரிபொருள் விஷயம் இப்படி லேசில் விடவில்லை. கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜின் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு சின்ன பம்பு துப்பித் துப்பிக் கொடுக்கும். புது இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். பத்து மடங்கு. பழைய டேங்க், பழைய ரப்பர் ஹோஸ், பழைய கிளாம்ப் எதுவும் தாங்காது. அத்தனை அழுத்தத்தில் முதுகுக்குப் பின்னால் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்த இரவே சீட்டுக்குப் பின்னால் இருந்த டேங்க்கைக் கழற்றிவிட்டேன். பின் ஆக்சிலுக்கு அப்பால், சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே புது டேங்க், அதற்குள்ளேயே மூழ்கிய மின் பம்பு. இந்த வேலையில் ஊரே செய்யும் ஒரு தந்திரம் உண்டு. 1999 முதல் 2003 வரையான கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டரிலேயே அழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது. அதை டேங்க் பக்கத்திலேயே வைத்துவிட்டால், மிஞ்சிய பெட்ரோல் அங்கேயே திரும்பி டேங்க்குக்குப் போய்விடும். முன்னால் இன்ஜினுக்கு ஒரே ஒரு குழாய் இழுத்தால் போதும். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

மின்சாரம்தான் என்னைத் தின்றது. பழைய வண்டியில் இன்ஜினுக்கு ஒரு காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். புதியதில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. எட்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில். கிராங்க் ஷாஃப்டில் இருக்கும் பல் சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காயிலாகச் சொடுக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் இதில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையையும் மாற்றிவிட்டது. பழைய வி8 ஆட்களுக்கு 1-8-4-3-6-5-7-2 என்பது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். புதியது 1-8-7-2-6-5-4-3.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு முதல் முறை சாவி திருப்பினேன். மனைவி கையில் தீயணைப்பான். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடித்தது, கராஜ் கூரையே அதிர்ந்தது. இரண்டு விநாடி. அவ்வளவுதான், அணைந்துவிட்டது. திரும்பத் திருப்பினேன். பிடித்தது. இரண்டு விநாடி. அணைந்தது.

பெட்ரோல் அழுத்தம் பார்த்தேன், 58. எர்த் ஒயர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கினேன். பிறகு கம்ப்யூட்டருக்கும் காயில்களுக்கும் சாவியிலிருந்து வரும் மின்சாரத்தை மீட்டரில் பார்த்தேன். 9 வோல்ட். ஆகா, பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். நான் செய்திருந்த சோம்பேறித்தனம் அது. பழைய காயிலுக்குப் போன ஒயர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கியது, எடுத்து இணைத்திருந்தேன். அந்த ஒயரைத் தொழிற்சாலையிலேயே தடை உள்ளதாகத்தான் போட்டிருப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பிளாட்டினம் பாயின்ட் கருகாமல் இருக்க, வண்டி ஓடும்போது காயிலுக்கு மின்சாரம் குறைந்துதான் போக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முழு வோல்ட்டும் வேறு வழியாகப் போகும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு புத்திசாலித்தனம் என் கம்ப்யூட்டரைப் பட்டினி போட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, ரிலே வைத்து, 12 வோல்ட்டும் குறையாமல் கொடுத்தேன்.

சாவி. பிடித்தது. இரண்டு விநாடி. அணைந்தது.

அன்றைக்குக் கராஜ் கதவை இறக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு மடிக்கணினியைச் செருகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சில்வராடோவில் திருட்டைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. சாவித் துவாரத்தில் ஒரு சென்சார், அது கேபினில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குச் சொல்லும், அந்தப் பெட்டி இன்ஜின் கம்ப்யூட்டருக்கு "இவர் நம்ம ஆள்தான்" என்று ஒரு குறிச்சொல் அனுப்பும். வரவில்லை என்றால் இரண்டு விநாடியில் பெட்ரோலை நிறுத்திவிடும். அந்தப் பெட்டி காயலான் கடையிலேயே நசுங்கிப் போயிருக்கும். இந்த ஏற்பாட்டை அழிப்பதற்காகவே கம்ப்யூட்டரைத் தபாலில் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். "எல்லாம் முடிந்தது" என்று துண்டுச் சீட்டு எழுதி, காசும் வாங்கிக்கொண்டு, அதை மட்டும் மறந்திருக்கிறார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மை. ஆனால் அந்த இன்ஜின் பத்து நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்புதான் வந்தது. கண்ணை விழிக்கிறது, சுற்றிப் பார்க்கிறது, இது என் வண்டி இல்லையே, என்னைத் திருடிவிட்டார்கள் என்று படுத்துக்கொள்கிறது. ஒரு வகையில் அது சொன்னது சரிதானே?

கம்ப்யூட்டர் மறுபடி தபாலில் போய் வந்தது. மே முதல் வாரம் சாவி திருப்பினேன். இரண்டு விநாடி. மூன்று. பத்து. மனைவி தீயணைப்பானைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன வேலைகள். ஹெட்டின் மேல் மூலையில் தேங்கும் நீராவிக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு ரேடியேட்டரில் விட வேண்டும். விட்டுவிட்டால் காற்றுக் குமிழ் அடைத்து ஹெட் தனியாகச் சூடேறும். ஸ்பீடாமீட்டருக்குப் பழைய வண்டியில் கேபிள் சுற்ற வேண்டும், புது கியர்பாக்ஸில் சுற்றும் கேபிளே கிடையாது, மின் துடிப்புதான். நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு குட்டி மோட்டார், அது துடிப்பை எண்ணிக் கேபிளைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் சொல்வதை 1972ஆம் வருடத்து முள்ளுக்குப் புரியவைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர். மிச்சிகனில் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. இருந்தாலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இரண்டையும் போட்டேன். 1972இல் வந்த வண்டிகளில் அப்படி ஒன்று கிடையாது. பின்னால் வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இப்போது 65 மைலில் இன்ஜின் 2,000 சுற்றை ஒட்டி முணுமுணுக்கிறது. பேச்சுக் கேட்கிறது. பெட்ரோல் வாசனை இல்லை. இருந்தும், பழைய இன்ஜினை விற்க மனசு வரவில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி, தார்ப்பாய் போட்டுக் கராஜ் மூலையில் வைத்திருக்கிறேன். சேசிஸில் புதிதாக ஓர் ஓட்டை போட்டபோதும், சுலபமாகத் திரும்பவும் ஆறு சிலிண்டரை வைக்க முடிகிற மாதிரிதான் போட்டேன். யாரும் வைக்கப் போவதில்லை என்று தெரியும். தூணில் உள்ள தகடு மட்டும் இன்னும் எஸ் என்றுதான் சொல்கிறது.

ஜூன் மாதம் பெரியவருக்குப் போன் செய்தேன். கொஞ்சம் தயக்கத்தோடுதான். மகள் கூட்டிவந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பானெட்டைத் திறந்து காட்டினேன். கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் ஒயர் கட்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழசு எங்கே என்று மட்டும் கேட்டார். தார்ப்பாயை விலக்கிக் காட்டினேன். வால்வு மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நல்லது என்றார்.

நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். உட்கார்ந்தவுடன் இடது கால் தரையை அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பண்ணைச் சாலையில் ஐந்து மைல் போனோம். வேகமெல்லாம் போகவில்லை, 45ஐத் தாண்டவே இல்லை. ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் அந்தப் பூட்ஸ் கால் போய் வெறும் பலகையை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தது. கியர் கம்பியைத் தேடி வலது கை பாதி தூரம் எழும், பிறகு ஞாபகம் வந்து தொடைக்குத் திரும்பிவிடும்.

வீட்டுக்கு வந்து நிறுத்தியபோது, பழைய வழக்கப்படி வண்டி உருளாமல் இருக்க ரிவர்ஸ் கியரில் விட்டு இறங்கப் பார்த்தார். மூன்று கியர் வண்டியில் ரிவர்ஸ் என்றால் கம்பியைத் தன் பக்கம் இழுத்து மேலே தள்ள வேண்டும். இழுத்து மேலே தள்ளினார். ஆட்டோமேட்டிக் தண்டில் அந்த இடம் பார்க். கம்பி டக்கென்று போய் உட்கார்ந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு, இடது காலை மெதுவாக எடுத்தார்.